தாடை உடைந்தால் கடியைக் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

போன இதழில் தாடை வீக்கம் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகத்தில் அடிபட்டவர்களைப் பற்றியவை. என் வேலைக்காலம் முழுக்க மதுரையில் முகம், தாடை அறுவை சிகிச்சை வார்டிலேயே போயிருக்கிறது. அதனால் இந்த இதழை அந்தக் கடிதங்களுக்கே கொடுத்துவிட்டேன். பெயர்களை நானே எடுத்துவிட்டேன். ஒரு கடிதத்துக்கு மட்டும் ஊரும் போடவில்லை. காரணம் படித்தால் புரியும்.

என் மகனுக்கு 22 வயது. திருமங்கலம் பக்கம் நான்கு வழிச்சாலையில் பைக்கோடு விழுந்துவிட்டான். அடிபட்டது முகவாயின் இடது பக்கம், தையலும் அங்கேதான். ஆனால் வலது காதுக்கு முன்னாலும் எலும்பு உடைந்திருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்கிறார்கள். அடிபடாத இடம் எப்படி உடையும்? தேவையில்லாத ஆபரேஷனோ என்று பயமாக இருக்கிறது. — வாசகி, விருதுநகர்

பயப்படாதீர்கள் அம்மா, ஸ்கேன் சொல்வது நடக்கக்கூடியதுதான். கீழ்த்தாடை ஒரு காதருகே தொடங்கி முகவாய் வழியாக மறு காது வரை போகும் ஒற்றை எலும்பு. இரண்டு முனைகளும் மண்டையோட்டில் மூட்டாகப் பொருந்தியிருக்கின்றன. கண்ணாடி வளையலை அழுத்தினால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் விட்டுப்போகுமே, அந்தக் கணக்குதான் இதுவும். இடது முகவாயில் விழுந்த அடி எலும்பு வழியாகவே ஓடி வலது மூட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய கழுத்தில் போய் உடைத்திருக்கிறது. எங்கள் வார்டில் இந்த ஜோடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முன்னால் ஒரு பக்கம் உடைந்திருந்தால் எதிர்ப்பக்க மூட்டைப் பார்க்காமல் நாங்கள் படத்தைக் கீழே வைப்பதில்லை.

தாடையில் பலவீனமான இடங்கள் உண்டு. கோரைப்பல்லின் வேர் நீளமானது, அது இறங்கும் இடத்தில் எலும்பு குறைவு. ஞானப்பல் முளைக்காமல் உள்ளே படுத்திருந்தால் தாடையின் மூலையில் எலும்பு குறைவு. மூட்டுக் கழுத்து இயல்பிலேயே மெல்லியது. அது மெல்லியதாக இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அது உடைந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் மூட்டு முனை மேலேறி மூளைப் பக்கம் போகாமல் நின்றுவிடுகிறது.

இரண்டு இடம் உடைந்தால் இரண்டு இடத்திலும் திறக்க வேண்டும் என்பதில்லை. முன்பக்கத்துக்கு வாய்க்குள்ளிருந்தே பிளேட் வைப்பார்கள், வெளியே தழும்பு வராது. மூட்டுப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு. பல நேரம் பற்களில் ரப்பர் வளையம் மாட்டி, கடியை, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதத்தை, சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாலே போதும். உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஆபரேஷனுக்குப் பிறகு கடி பழையபடி சேருமா?" இந்த வைத்தியத்தின் குறியே அதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தும் பல் பல்லோடு சேராவிட்டால் உங்கள் மகனால் ஒரு வாய் சோறு மென்று சாப்பிட முடியாது.

தாடை உடைந்ததா இல்லையா என்ற சந்தேகத்துக்கு காஷுவாலிட்டியில் ஒரு எளிய சோதனை செய்வோம். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரத்தட்டையைக் கடைவாயில் கடிக்கச் சொல்லித் திருப்புவோம். தாடை நன்றாக இருப்பவர் தட்டை முறியும் வரை கடித்திருப்பார். உடைந்தவர் வலி தாங்காமல் வாயைத் திறந்துவிடுவார். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். "என் பல் முன்னைப் போலச் சேரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதுவே போதும், அழைத்து வாருங்கள்.

நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முக எலும்பு முறிவோடு வார்டில் சேருபவர்களில் எந்தக் காரணம் அதிகம்? எந்த எலும்பு அதிகம்? புத்தகத்துக்குப் புத்தகம் வேறாக இருக்கிறது. — வாசகி, திருநெல்வேலி

வேறாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு ஊரைப் பார்த்து எழுதப்பட்டது. முகத்தில் அதிகம் உடைவது மூக்கெலும்பு. ஆனால் மூக்கு உடைந்தவர்களில் பலர் அன்றே வீட்டுக்குப் போய்விடுவார்கள். வார்டில் படுக்கையை எண்ணினால் கீழ்த்தாடையும் கன்ன எலும்பும்தான் முன்னால் நிற்கும். எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். தேர்வுக்கு எழுதும்போது இதை மறந்துவிடாதே.

காரணம் என்றால் நம் ஊரில் இரு சக்கர வாகனம். 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் உள்ள ஆண்கள்தான் பெரும்பங்கு. இரவில் வருபவர்களில் கணிசமானவர்களிடம் மது வாடை இருக்கும். பெண்கள் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை. பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் வண்டி தூக்கிப்போடும்போது பிடிக்கக் கை இல்லை. கையை ஊன்றி விழ முடியாதவருக்கு முகம்தான் முதலில் தரையைத் தொடுகிறது. துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சக்கரத்தில் சிக்கி வருபவர்களும் உண்டு.

குழந்தைகள் படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் விழுந்து வருவார்கள். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுவார்கள். பல் எல்லாம் விழுந்தவரின் தாடை மெலிந்து போயிருப்பதால் சாதாரண விழுகையே போதும். கிராமத்திலிருந்து மாடு முட்டி வருபவர்களும் எங்களிடம் வருவார்கள். கொம்பு முகவாய்க்குக் கீழே குத்தி ஏறியிருக்கும். வெளியே ஒரு விரல் அகலக் காயம், உள்ளே தாடை இரண்டு துண்டு. தையல் மட்டும் போட்டு அனுப்பிவிட்டால் ஒரு வாரத்தில் சீழ் வைத்துத் திரும்பி வருவார்.

கைகலப்பில் வருபவர்களுக்கு மூக்கு, கன்னம், தாடை மூலை. அதிலும் இடது பக்கம் அதிகம், ஏனென்றால் அடிப்பவர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள். மேற்கு ஐரோப்பாவில் பல நாடுகளில் இதுதான் முதல் காரணம். பிரிட்டனில் 1983-இல் காரின் முன் இருக்கையில் பெல்ட் போடுவது கட்டாயமானது. அதன் பிறகு கார் விபத்தில் முகம் சிதைந்து வருவோர் குறைந்தார்கள், கைகலப்பு முன்னால் வந்துவிட்டது. சட்டமும் சாலையும் மாறினால் வார்டின் முகமே மாறும். எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை கொடுக்கும் செய்தி அது.

நீ வேலைக்கு வந்தபின் ஒன்று செய். கேஸ் ஷீட்டில் 'ஆர்.டி.ஏ.' (சாலை விபத்து) என்று மூன்று எழுத்தோடு நிறுத்தாதே. ஓட்டினாரா, பின்னால் இருந்தாரா? ஹெல்மெட் முழுதா, பாதியா? வார் மாட்டியிருந்ததா? எதில் மோதினார்? இதை எழுத ஒரு நிமிடம் ஆகும். எந்த எலும்பைத் தேட வேண்டும் என்று அடுத்து வரும் டாக்டருக்கு அந்த வரி சொல்லிவிடும்.

என் கணவர் கன்னத்தில் ஓங்கிக் குத்தினார். கண் சிவந்து, கன்னம் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கிறது. மேலுதடும் மேல் பற்களும் மரத்துப் போயிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே நின்றதால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இனி என்ன செய்வது? — பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி

அம்மா, முதலில் உடம்பைப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பது கன்ன எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியதன் அடையாளம். கண்ணுக்குக் கீழே எலும்பு வழியாக ஒரு நரம்பு வருகிறது. அது நசுங்குவதால்தான் உதடும் பல்லும் மரத்துப் போகின்றன. வாயை முழுதாகத் திறக்க முடியாவிட்டால், அமுங்கிய எலும்பு தாடையைத் தடுக்கிறது என்று பொருள். இரண்டு வாரத்துக்குள் வந்தால் தூக்கி நிறுத்துவது எளிது. பல நேரம் நெற்றிப்பொட்டுக்கு மேலே தலைமுடிக்குள் சின்னதாகக் கீறி, அதன் வழியாக ஒரு நெம்புகோலை விட்டு எலும்பை உயர்த்திவிடலாம். கில்லீஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1927-இல் எழுதிய முறை அது, இன்றும் செய்கிறோம். முகத்தில் தழும்பு இருக்காது. நாள் கடந்தால் எலும்பு கோணலாகவே ஒட்டிவிடும், மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டிவரும். பார்வை மங்கினாலோ, கண் விம்மி வலி கூடிக்கொண்டே போனாலோ அன்று இரவே போய்விடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இனி அடுத்தது. பாத்ரூமில் விழுகிறவருக்குப் பெரும்பாலும் முகவாயிலோ மூக்கிலோ படும், உள்ளங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு இருக்கும். கை சுத்தமாக இருந்து இடது கன்னம் மட்டும் உள்ளே போயிருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும், வர வேண்டும். அப்படி வருபவர்களின் கூட வந்தவரை மருந்துச் சீட்டு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு நானே தனியாகக் கேட்பேன். உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நடந்ததை அடுத்த முறை பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பு வேறு சொன்னேன் என்று தயங்க வேண்டாம், இப்போது சொல்வதும் தேதியோடு பதிவாகும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அடித்ததாகச் சொன்னால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் அந்த ஏ.ஆர். காப்பிதான் நாளைக்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி. எலும்போ பல்லோ முறிந்தால் சட்டத்தில் அது சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 116-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் வீட்டை விட்டு வெளியேறாமலே பாதுகாப்பு கேட்கலாம். 181-க்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கவும் வக்கீல் ஆலோசனைக்கும் வழி உண்டு.

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

பேத்திக்கு 7 வயது. இரண்டு மாதத்துக்கு முன் ஊஞ்சலிலிருந்து குப்புற விழுந்து முகவாயில் தையல் போட்டோம். காயம் ஆறிவிட்டது. இப்போது வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது, திறக்கும்போது தாடை இடது பக்கம் இழுக்கிறது. பயந்துபோய் திறக்க மறுக்கிறாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். — வாசகர், காரைக்குடி

ஐயா, இது பயம் இல்லை. இந்த வாரமே முகம், தாடை அறுவை நிபுணரிடம் காட்டி, ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயோ (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) சி.டி. ஸ்கேனோ எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முகவாயில் அடிபட்டால் எல்லோரும் முகவாயைத்தான் பார்ப்பார்கள். இரத்தம் அங்கேதான் வருகிறது. ஆனால் அடி நேராகக் காதுக்கு முன்னால் உள்ள மூட்டுக்குப் போகிறது. குழந்தைகளின் மூட்டு முனையில் இரத்த ஓட்டம் அதிகம். அது நசுங்கி, மூட்டுக்குள் இரத்தம் கட்டி, குழந்தையும் வலிக்குப் பயந்து வாயை அசைக்காமல் இருந்தால், அந்தக் கட்டு மெல்ல மெல்ல எலும்பாகவே மாறி மூட்டை ஒட்டிவிடும். தாடையின் வளர்ச்சியும் பெருமளவு அந்த மூட்டைச் சார்ந்தது. ஒட்டிப்போன மூட்டோடு வளரும் பிள்ளைக்கு முகவாய் உள்ளே ஒடுங்கி, முகம் ஒரு பக்கம் கோணி, தூக்கத்தில் மூச்சு முட்டும். பல்லிடுக்கு வழியாகக் கஞ்சியை உறிஞ்சிச் சாப்பிடும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். எப்போது அடிபட்டது என்று கேட்டால், "சின்ன வயசில் விழுந்து முகவாயில் தையல் போட்டோம் டாக்டர், வேற ஒண்ணும் இல்லை" என்பார்கள்.

உங்கள் பேத்திக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. படத்தில் மூட்டு ஒட்டவில்லை என்றால் பயிற்சியிலேயே நிறைய மீட்கலாம். நாங்கள் ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்துத்தான் செய்கிறோம். எத்தனை குச்சியை அடுக்கினால் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே இப்போது இறுகலாக நுழைகிறதோ அதை முதலில் எண்ணி வைப்போம். கட்டின் மேல் நூல் சுற்றி, துணியோ டேப்போ ஒட்டி வழுவழுப்பாக்கிக் கொடுப்போம். தினமும் பல தடவை வைத்து எடுக்க வேண்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின் செய்தால் வலி குறைவு. ஒரு குச்சி எளிதாகிவிட்டால் நடுவில் இன்னொன்றைச் செருக வேண்டும். குழந்தையின் சொந்த விரல் மூன்று நெட்டாக நுழைவதுதான் நமது இலக்கு. படம் பார்க்காமல் நீங்களாகவே இதைத் தொடங்க வேண்டாம். ஒட்டிய மூட்டை வலுக்கட்டாயமாகத் திறந்தால் பல்தான் ஆடும்.

மற்ற பெற்றோருக்கு: முகவாயில் தையல் போட்ட குழந்தையின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அழுதாலோ, தாடை ஒரு பக்கம் இழுத்தாலோ தையலோடு நிறுத்தாதீர்கள்.

கார்க் பால் கண்ணில் பட்ட என் மகனுக்குக் கண் சிவக்கவே இல்லை. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் வாந்தி எடுக்கிறான். — வாசகர், திண்டுக்கல்

இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களை அழைத்துப் பேசிவிட்டோம். மற்றவர்கள் தெரிந்துகொள்ளத்தான் இங்கே போடுகிறேன். சிறு பிள்ளைகளின் கண்குழித் தரை எலும்பு அடிபட்டதும் வளைந்து விரிந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு பழையபடி மூடிவிடும். வெளியே வீக்கமும் இருக்காது, சிவப்பும் இருக்காது. கண்ணை மேலே உருட்டும்போது மாட்டிய தசை இழுபட்டு நாடித்துடிப்பு குறையும், வாந்தி வரும். தலையில் அடி என்று நினைத்துத் தலையை மட்டும் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுவது நடக்கிறது. கண்குழியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஓரிரு நாளுக்குள் தசையை விடுவிக்காவிட்டால் அது செத்துப்போய், இரட்டைப் பார்வை நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

என் தம்பி இரவில் லைட் இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதினான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லெ ஃபோர்ட் 2' என்று இருக்கிறது. அப்படியென்றால்? — வாசகர், நாமக்கல்

ரெனே லெ ஃபோர்ட் ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர். இறந்தவர்களின் தலைகளில் பல திசைகளிலிருந்து அடியைச் செலுத்தி, முகத்தின் நடுப்பகுதி எந்தெந்தக் கோட்டில் பிளக்கிறது என்று பார்த்து 1901-இல் எழுதினார். கண்டபடி உடையவில்லை, மூன்று கோடுகள் திரும்பத் திரும்ப வந்தன. முதல் கோட்டில் மேல் பல்வரிசையும் அண்ணமும் மட்டும் தனியாக ஆடும். இரண்டாவதில் மூக்கும் சேர்ந்து முக்கோணமாகக் கழன்றுவிடும். மூன்றாவதில் கன்ன எலும்பும் சேர்ந்து முகமே மண்டையோட்டிலிருந்து பிரிந்து நிற்கும். உங்கள் தம்பிக்கு இரண்டாவது. நிற்கும் லாரியின் பின்பலகை பைக்கில் வருபவரின் முகத்து உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த வகை விபத்தில் நடு முகம் நேராக வாங்கிக்கொள்கிறது.

சில வாரங்களுக்கு ஒன்றைக் கவனியுங்கள். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று கேளுங்கள். அது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, மூக்கில் எதையும் விடக் கூடாது, உடனே காட்ட வேண்டும்.

ஆட்டோ ஓட்டுகிறேன். ரோட்டில் முகம் உடைந்து கிடப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எப்படித் தூக்குவது, என்ன செய்யக் கூடாது? — வாசகர், மேலூர்

உங்களைப் போன்றவர்களால்தான் பலர் எங்களிடம் உயிரோடு வந்து சேருகிறார்கள். முதல் விஷயம்: முகம் உடைந்தவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தாடையின் முன்பகுதி இரண்டு பக்கமும் உடைந்துவிட்டால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும், அது பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். இரத்தமும் உள்ளே இறங்கும். நினைவோடு இருந்தால் முன்பக்கம் குனிந்து உட்காரவிடுங்கள். அவரே அந்த வாக்கில்தான் உட்காரப் பார்ப்பார், யாரும் பிடித்துச் சாய்க்கக் கூடாது. நினைவு இல்லை என்றால் கழுத்தும் உடைந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு, தலை, கழுத்து, உடம்பு ஒரே நேர்கோட்டில் திரும்பும்படி இரண்டு மூன்று பேராக ஒருக்களித்துத் திருப்புங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்ற வேண்டாம், கூட்டத்தில் யாராவது நிச்சயம் ஊற்ற வருவார்கள், தடுத்துவிடுங்கள்.

விழுந்த பல் கிடந்தால் எடுத்து வாருங்கள். வேரைத் தொடாமல் மேல் பக்கத்தைப் பிடித்து எடுத்துப் பாலில் போடுங்கள், பால் கிடைக்காவிட்டால் இளநீர். பேப்பரில் மடித்தால் காய்ந்துவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் திரும்ப நட்டுவிடலாம். குழந்தைகளின் பால் பல்லை மட்டும் நடுவதில்லை.

போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, உதவ வந்தவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி உங்களை வற்புறுத்த முடியாது. பணம் யார் கட்டுவது என்றும் யோசிக்காதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், தனியார் உட்பட, விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது.

தாடைக்குப் புத்தூர் கட்டு போடலாமா? — வாசகர், வேலூர்

வேண்டாம். கை, கால் எலும்புக்கு அந்தக் கட்டை நம்பிப் போகிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் தாடையில் வெளியே கட்டுப் போட்டுப் பல்லைச் சேர்க்க முடியாது. கட்டு இறுகினால் உடைந்த துண்டு உள்ளே தள்ளப்பட்டு, கடி இன்னும் விலகும். பல் இருக்கும் இடத்தில் தாடை உடைந்தால் ஈறும் கிழிந்து, எச்சில் முறிவுக்குள் போகிறது. அது திறந்த காயம், ஆன்டிபயாடிக் தேவை. உடைந்த மூக்குக்கு எண்ணெய் போட்டு நீவுவதும் இதே தப்புதான்.

கணவருக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாலைந்து வாரம் என்ன கொடுப்பது? — வாசகி, தேனி

கடைசிப் பல்லுக்குப் பின்னால் கன்னத்தை ஒட்டி ஒரு வழி இருக்கும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் சின்னக் குழாய் மாட்டி அந்த வழியாக மெதுவாகக் கொடுங்கள். வெறும் அரிசிக் கஞ்சியும் ஜூஸும் கொடுத்தால் ஆள் மெலிந்துவிடுவார். கேழ்வரகுக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, பருப்பை நன்றாக வேகவைத்து மிக்ஸியில் அடித்து நெய் விட்டது, பால், மோர், அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டுக்கால் சூப், எல்லாவற்றையும் வடிகட்டிக் கொடுங்கள். சாதம், குழம்பு, காய் மூன்றையும் சேர்த்து அடித்துத் தண்ணீராக்கிக் கொடுத்தால் வீட்டுச் சாப்பாட்டு ருசியாவது கிடைக்கும். ஒரே நேரத்தில் அதிகம் இறங்காது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, சின்ன பிரஷ்ஷால் பல்லைத் தேய்க்க வேண்டும்.

கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரைத் தலைமாட்டிலேயே வையுங்கள். வாந்தி வந்தால் முன்னால் குனிய வைத்தால் பெரும்பாலும் இடுக்கு வழியாக வந்துவிடும். மூச்சு முட்டினால் எந்தக் கம்பியை வெட்டுவது என்று அடுத்த முறை போகும்போதே மருத்துவரிடம் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பீடி, சிகரெட், குடி மூன்றும் எலும்பு ஒட்டும் வரை கண்டிப்பாகக் கூடாது.

பாதி ஹெல்மெட் போட்டாலும் போலீஸ் விட்டுவிடுகிறார்கள். முழு ஹெல்மெட் அவசியமா? மதுரை வெயிலில் முடியவில்லை. — வாசகர், மதுரை

வெயிலில் கஷ்டம்தான், நானும் இதே ஊரில்தான் இருக்கிறேன். ஆனாலும் அவசியம். பாதி ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றலாம், கண்ணுக்குக் கீழே எதையும் காப்பாற்றாது. முகவாய்க்கு முன்னால் கட்டை உள்ள முழு ஹெல்மெட்தான் தாடைக்குக் கவசம். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாரை மாட்டாமல் போட்டால் விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். நசுங்காத ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முகம் உடைந்தவரை அழைத்து வரும் உறவினர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2015 ஜூலையிலேயே உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவின் 2019 திருத்தம், நான்கு வயதுக்கு மேல் பின்னால் உட்காரும் எல்லோருக்கும் சேர்த்தே ஹெல்மெட் வேண்டும் என்கிறது. போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்சும் நிறுத்தப்படலாம். போலீஸ் விடுகிறாரா என்று பார்க்காதீர்கள் ஐயா. உங்கள் மனைவிக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிவிட்டீர்களா? அவரைக் கால் இரண்டு பக்கமும் போட்டு உட்காரச் சொன்னீர்களா?

தாடையில் வைத்த பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா? ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? — வாசகர், சிவகங்கை

டைட்டானியம் பிளேட் என்றால் எடுக்க வேண்டியதில்லை. சீழ் வைத்தாலோ, ஸ்க்ரூ தளர்ந்து ஈறு வழியாகத் தெரிந்தாலோ, பல்செட் கட்டும்போது உறுத்தினாலோ எடுத்துவிடலாம். வளரும் குழந்தைகளுக்கு எலும்பு ஒட்டியபின் எடுப்பதைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஏர்போர்ட் வாசலில் இந்தச் சின்ன பிளேட் பொதுவாகச் சத்தம் போடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் பிளேட் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள்.